வைக்கோல் கச்சையைப் பிரித்த உரகாமி கிகுனோ

உரகாமி கிகுனோ (1922–2006). இசோகாவா கோட்டைப் பூங்காவில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புல் பிடுங்கும் பணியாளராகச் சேர்ந்தார். ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பின் மரங்களைப் பார்வையிடும் பணிக்கு மாற்றப்பட்டார். பிறந்தது உப்பளத் தொழிலாளி ஒருவரின் வீட்டில். பள்ளிப் படிப்பு எட்டாண்டு. கணவர் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பிள்ளைகள் இருவர். நகராட்சிப் பதிவேடு இவ்வளவுதான் சொல்லும். பூங்காப் பிரிவில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்தவன் என்ற முறையில், பதிவேட்டில் ஏறாத சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

புல் பிடுங்கும் பெண்கள் ஒன்பது பேர். வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு, கையரிவாளோடு வரிசையாகக் குந்தியபடியே பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வார்கள். மறுமுனையை அடையும்போது முதல் முனையில் புல் முளைத்திருக்கும். கிகுனோ அந்த வரிசையில் குள்ளமானவர். சிரிப்பு மட்டும் அகழிக்கு அப்பால் வரை கேட்கும். முப்பத்தைந்து வயதில் அவ்வேலையைத் தொடங்கியவருக்கு நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் வலி வந்துவிட்டது. மாலையில் எழுந்து நிற்க, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வார்.

அவரை அந்த வரிசையிலிருந்து எழுப்பியது ஒரு திருமணம். 1966 செப்டம்பரில் மணமக்களைப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர், மணப்பெண்ணைக் கமேலியாப் பூச்செடி வேலியின் மேல் சற்றே சாய்ந்து நிற்கச் சொன்னார். வேலியடியில் குந்தியிருந்த கிகுனோ அரிவாளை நீட்டி வழியை மறித்தார்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க. படத்துல அரிவாளோட விழப்போறீங்க" என்றார் புகைப்படக்காரர்.

"நான் விழுந்தா பரவாயில்ல. பொண்ணு இதுல சாஞ்சா ஒரு வாரத்துக்குப் புருஷன் கையப் பிடிக்க மாட்டா. தன் முதுகத்தான் சொறிஞ்சிட்டிருப்பா."

அரிவாள் முனையால் ஓர் இலையைப் புரட்டிக் காட்டினார். அடியில் மஞ்சள் நிறக் கம்பளிப்பூச்சிகள் நாற்பதுக்குக் குறையாமல், தோளோடு தோள் ஒட்டி, ஒரே திசையைப் பார்த்தபடி வரிசையாக இலையை அரித்துக்கொண்டிருந்தன. மணப்பெண்ணின் தாயார் மூன்றடி பின்வாங்கினார். சத்தம் கேட்டுத் தலைமைத் தோட்டக்காரர் குரோஇவா தத்சுஜி வந்தார். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்போம். மூன்று தலைமுறையாகக் கோட்டை மரங்களைக் கவாத்து செய்த குடும்பத்தவர், பேச்சில் சிக்கனமானவர்.

"மருந்து அடிச்சிரலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எதுக்கு மேஸ்திரி? இன்னும் குட்டிங்க. ஒரே இலையில கூடித்தான் இருக்கு. மேல ஒரு பையைக் கவுத்து, கொப்போட நறுக்கினா முடிஞ்சுது. பத்து நாள் விட்டா வேலி பூரா பரவிடும். அப்ப அடிங்க, நானும் ஓடிடறேன்."

"இப்படி எத்தனை கொப்பு இருக்கும்?"

"பதினொண்ணு. தெக்கு வேலியில எட்டு, கிணத்தடியில மூணு."

"எண்ணினீங்களா?"

"புல்லு பிடுங்கறவ கண்ணு எப்பவும் இலைக்கு அடியிலதானே இருக்கு. மத்தவங்க எல்லாரும் மேல பாத்துட்டுப் போறீங்க."

மேஸ்திரி பதினொரு கொப்புகளையும் தாமே எண்ணிச் சரிபார்த்தார். அக்டோபர் முதல் தேதி, கிகுனோவை மரச் சுற்றுக்கு மாற்றும் கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன்.

மரச் சுற்று என்பது அகழியைச் சூழ்ந்த இருநூற்று இருபத்தெட்டுப் பைன் மரங்களையும், வேலிகளையும், செர்ரி மரங்களையும் வாரம் ஒருமுறையேனும் அருகில் நின்று பார்ப்பது. ஒவ்வொரு பைனுக்கும் தகரத்தில் எண் உண்டு. கிகுனோ அதற்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். வெள்ளைக் குடை ஒன்றைத் தலைகீழாக விரித்துக் கிளைக்கு அடியில் பிடிப்பார். மூங்கில் குச்சியால் கிளையை மூன்று முறை தட்டுவார். குடைக்குள் விழுந்த பூச்சிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, மீண்டும் மரத்திலேயே கொட்டிவிடுவார். வெயில் நாளில் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு மழை கீழேயிருந்து பெய்யுதா?" என்று சுற்றுலாக்காரர்கள் கேட்பதுண்டு. "உங்களுக்கு மேலேயிருந்து பூச்சி பெய்யுது, அதான் பிடிச்சுக்கறேன்" என்பார்.

ஒரு பூச்சியைக் கண்ட மாத்திரத்தில் அவர் மருந்துக்கு ஓடமாட்டார். அசேலியாப் பூச்செடியின் இலைகள் கொஞ்சம் வெளுத்தால், எத்தனை இலை என்று எண்ணுவார். அடுத்த வாரம் அதே கிளையில் மீண்டும் எண்ணுவார். கூடியிருந்தால்தான் கையை வைப்பார். அதுவும் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, பிறகு நறுக்குவது, மருந்து எல்லாவற்றுக்கும் கடைசி. அவருடைய குறிப்பேட்டில் மிகுதியாகக் காணப்படும் சொற்கள் "மறுபடி பார்க்க" என்பவையே. அவர் மரச் சுற்றுக்கு வந்த முதல் ஐந்தாண்டுகளில் பூங்காவின் மருந்துச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அவருடைய முழங்காலும் தேறியது. காலையில் குடையோடு கிளம்பும்போது அவர் நடை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் நடையாக இருக்கும்.

இனி, கச்சை.

குளிர்காலத்தின் முதல் நாளில் ஒவ்வொரு பைனின் இடுப்பிலும் வைக்கோல் பாயைக் கச்சையாகச் சுற்றிக் கயிற்றால் இறுக்குவது எங்கள் ஊர் வழக்கம். ஊசியிலையைத் தின்னும் கம்பளிப்பூச்சிகள் குளிருக்குக் கீழே இறங்கி வரும்போது, வெதுவெதுப்பான வைக்கோலைக் கண்டு அதற்குள் புகுந்து உறங்கும். மார்ச் தொடக்கத்தில், நாட்காட்டியில் பூச்சி விழிக்கும் நாள் என்று குறித்த நாள் வரும்; அன்று காலை கச்சைகளை அவிழ்த்து, அப்படியே கோட்டை வாசலில் குவித்து எரித்துவிடுவோம். மேயர் வருவார்; செய்தித்தாள்காரர் வருவார்; மழலையர் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியுடன் வந்து, கனிந்த தணலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்பார்கள். நானூறு கம்பளிப்பூச்சி எரிந்தது என்று ஒருவர் சொன்னால், நாலாயிரம் என்று செய்தித்தாள் எழுதும். எண்ணியவர் எவருமில்லை. எரிவதற்கு முன் கச்சையைப் பிரித்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பரிசுப் பொதியைக் கொடுத்தவர் எதிரே பிரிக்காத ஊர் அல்லவா எங்களுடையது. வைக்கோல் பொதிக்கும் அதே மரியாதை.

1971 மார்ச் 6, சனிக்கிழமை, பெருமழை. அவிழ்த்த கச்சைகள் ஊறிப்போய்த் தீப்பிடிக்கவில்லை. மேயர் குடைக்குள் நின்று இரண்டு வரி பேசிவிட்டுப் போனார். கச்சைகளைச் சுருட்டிக் கட்டிக் கொட்டகையில் அடுக்கினோம். மூன்று வாரம் கழித்து, அவற்றைக் குப்பை வண்டியில் ஏற்ற வந்த கிகுனோ, ஒரு கச்சையின் கயிறு தளர்ந்திருக்கக் கண்டு அதை விரித்தார். அதன்பின் மதிய உணவுக்கும் வரவில்லை. நான் தேடிப்போனபோது பன்னிரண்டு கச்சைகளை விரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"எழுத்தரய்யா, இதைப் பாருங்க. பன்னெண்டு கச்சையில கம்பளிப்பூச்சி ஏழு. இந்தப் பிசின் பூச்சி தொண்ணூத்தாறு. சிலந்தி எண்ணி மாளல."

பிசின் பூச்சி என்று நாங்கள் சொல்வது, பைன் பிசினை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு திரியும் கறுத்த, நீண்ட கால் பூச்சி. ஊசிபோன்ற வாயால் மற்றப் பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும். கம்பளிப்பூச்சியின் குஞ்சுகளே அதற்கு விருந்து. நம் மரங்களுக்குக் காவல் நிற்பது அது.

"அப்படின்னா வருஷா வருஷம்..." என்று தொடங்கினேன்.

"ஆமா. திருடன் ஏழு பேரு. போலீஸ்காரன் நூறு பேரு. நாம ஸ்டேஷனைக் கொளுத்திட்டு கிழங்கு சுட்டுத் தின்னுட்டிருக்கோம்."

மேஸ்திரியிடம் போனோம். அவர் பன்னிரண்டு கச்சைகளையும் நிதானமாகப் பார்த்தார். புகைக்குழாயை அணைத்தார்.

"மூணு வாரம் கொட்டகையில கிடந்திருக்கு, கிகுனோம்மா. கொட்டகைச் சிலந்தி உள்ள போயிருக்காதா? கம்பளிப்பூச்சி விழிச்சு வெளிய போயிருக்காதா? இது கணக்கே இல்ல."

அந்தக் கேள்வி நியாயமானது. கிகுனோவுக்கும் அது தெரிந்தது. அதனாலேயே கோபம் வந்தது.

"சரி, அடுத்த வருஷம் அவிழ்த்த அன்னிக்கே, எல்லார் முன்னாடியும் பிரிச்சு எண்ணுவோம். காவல் பூச்சிங்களைவிடக் கம்பளிப்பூச்சி ஒண்ணே ஒண்ணு அதிகமா இருந்தாலும் நான் இந்தக் குடையை மடக்கிட்டுப் புல்லு பிடுங்கவே போயிடறேன்."

"வாக்குக் குடுத்துட்டீங்க."

"குடுத்தேன். நான் ஜெயிச்சா, பிரிச்சுப் பாக்காம ஒரு கச்சையும் இந்த ஊர்ல எரியக் கூடாது."

"எழுத்தரய்யா, எழுதிக்குங்க" என்றார் மேஸ்திரி. எழுதிக்கொண்டேன். கோபத்தில் பேசிய பேச்சு, தாளில் ஏறியபின் இருவருக்கும் விலகிக்கொள்ள வழியில்லாது போயிற்று.

செய்தி புல்தரையில் பரவியது. கிகுனோவின் பழைய தோழிகள் ஒரு கையரிவாளைச் சாணை பிடித்து, கைப்பிடியில் அவர் பெயரைச் சுட்டு, கருவி அறையில் மாட்டிவைத்தார்கள்.

"உங்களுக்குன்னு நிழல் பக்கமாவே இடம் பிடிச்சு வெச்சிருக்கோம், அக்கா. குடைய மடக்கினதும் நேரா வந்திருங்க."

"அதைத் துருப்பிடிக்க விடுங்கடி" என்பார் கிகுனோ. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தக் கோடையில் வடக்கு அகழிப் பக்கம் கம்பளிப்பூச்சி வழக்கத்தைவிட அதிகம். குடையில் அவை விழ விழ அவர் பேச்சு குறைந்தது. நவம்பர் 8ஆம் தேதி கச்சைகளைக் கட்டினோம். அதன்பின் குளிர்காலம் முழுதும், சுற்றுப் போகும்போது ஒவ்வொரு கச்சையின் மேலும் உள்ளங்கையை வைத்து நிற்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒன்றை லேசாகப் பிரித்துப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா முகத்துல தெரிஞ்சிடும். மேஸ்திரி முகம் படிக்கறவரு" என்றார்.

1972 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. தரையில் உறைபனி இருந்தது. பூச்சிகள் குளிரில் விறைத்துக் கிடக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டுமென மேஸ்திரி விதித்திருந்தார். முப்பது மரங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்வது. ஒவ்வொரு கச்சையையும் வெள்ளைத் துணிமேல் பிரிப்பது. புல் பிடுங்கும் பெண்கள் உணவுக் குச்சியால் பொறுக்கிப் பிரிப்பது. கம்பளிப்பூச்சியின் மயிர் அரிக்கும், பிசின் பூச்சி குத்தும் என்பதால் பிள்ளைகள் தொடாமல் உரக்க எண்ணுவது மட்டும். வெள்ளைத் துணிக்கு, ரயில் நிலையத்தருகே உள்ள விடுதியிலிருந்து பழைய படுக்கை விரிப்புகளை வாங்கி வந்திருந்தோம். மேயர் கையுறையைத் தேய்த்துக்கொண்டு, எப்போது தீ மூட்டுவீர்கள் என்று இருமுறை கேட்டார்.

முதல் சீட்டில் வந்தது பதினேழாம் மரம். கோட்டை வாசலில், ஹமனகாவின் அரிசி உருண்டைக் கடைக்குப் பக்கத்தில் நிற்பது. கச்சையை விரித்ததும் பெண்கள் குச்சிகளோடு குனிந்தார்கள். பிள்ளைகள் எண்ணத் தொடங்கி எண்ணிக்கொண்டே போனார்கள். கம்பளிப்பூச்சி அறுபத்தொன்று. பிசின் பூச்சி ஒன்றுகூட இல்லை. சிலந்தி இரண்டு.

மேஸ்திரி புகைக்குழாயைப் பற்ற வைத்தார்.

"அக்கா, அரிவாளை எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டாள் ஒரு தோழி. யாரும் சிரிக்காததால் அவளே துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

கிகுனோ குனிந்து அந்த அறுபத்தொன்றையும் தாமே மீண்டும் எண்ணினார். சரியாக இருந்தது. "அடுத்தது" என்றார்.

அடுத்ததில் கம்பளிப்பூச்சி இல்லை. பிசின் பூச்சி ஒன்பது, சிலந்தி நான்கு. அதற்கடுத்ததில் ஒன்றுக்குப் பதினான்கு. ஐந்தாவது கச்சை முடிந்தபோது கரும்பலகையில் நான் எழுதியிருந்தது: கம்பளிப்பூச்சி அறுபத்து மூன்று, மற்றவை ஐம்பத்திரண்டு. பிள்ளைகளுக்கு இது ஓட்டப்பந்தயம்போல ஆகிவிட்டது. பாதிப்பேர் கம்பளிப்பூச்சிக் கட்சி. ஏழாவது கச்சையில் அறுபத்து நான்குக்கு எண்பத்தொன்று என்றானபோது மேஸ்திரி முன்வந்தார்.

"சிலந்தியையும் சேத்து எண்ணறதா?"

"சிலந்தி எதைத் தின்னும் மேஸ்திரி, சோறா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கறேன், அவ்வளவுதான்."

"வேணும்னா சிலந்தியை விட்டுடுங்க. நீங்க சாய்ஞ்சு நிக்க ஒரு குச்சி வேணுமே."

அவர் சிலந்தியை விட்டே ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு முப்பதும் முடிந்தன. கம்பளிப்பூச்சி எழுபத்து நான்கு. பிசின் பூச்சி இருநூற்றுப் பன்னிரண்டு. சிலந்தி நூற்று நாற்பத்து மூன்று. பெண்கள் கைதட்டினார்கள். கம்பளிப்பூச்சிக் கட்சியைச் சேர்ந்த ஒரு சிறுமி அழுதாள்; அவளுக்கு முதல் கிழங்கு கொடுக்கப்படும் என்று ஆசிரியை வாக்களித்தார்.

கிகுனோ கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. பதினேழாம் மரத்தடிக்குப் போய்விட்டார். எழுபத்து நான்கில் அறுபத்தொன்று ஒரே மரத்தில் இருந்தால், அந்த மரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே அவருக்கு அப்போது கேள்வி. மரத்தைச் சுற்றி வந்தார், பட்டையை முகர்ந்தார், தண்டில் அடித்திருந்த ஆணியில் தொங்கிய ஈ மருந்துப் பீய்ச்சியைக் கண்டார்.

"ஹமனகா தம்பி, இது யாரோடது?"

"என்னோடதுதான் அக்கா. பாகு மேல ஈ மொய்க்குது. சாயங்காலம் கடை மூடறப்ப ரெண்டு அடி அடிப்பேன்."

"ஈ மேலயா, மரத்து மேலயா?"

"ஈ மரத்துலதானே அக்கா உக்காருது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கறுப்பா நீளக் காலோட ஒண்ணு வரும், பாத்தாலே அருவருப்பு. அதையும் அடிச்சேன். வாடிக்கைக்காரங்க பயப்படுறாங்க."

"எத்தனை வருஷமா?"

"கடை போட்டதுலேருந்து. நாலு வருஷம்."

கிகுனோ பீய்ச்சியை ஆணியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார். "காவக்காரனை அடிச்சு விரட்டிட்டுத் திருடனுக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்க, தம்பி. பாகுச் சட்டிக்கு ஒரு வலை மூடி வாங்கிக்க. ஈயும் வராது, உருண்டையில மருந்து வாசனையும் இருக்காது. இத்தனை நாளா அதை எள்ளு வாசனைன்னு நெனச்சுத் தின்னுட்டிருந்தோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேயர் தம் கையிலிருந்த அரிசி உருண்டையைப் பார்த்தார். ஹமனகா அன்று பிற்பகலே வலை மூடி வாங்கி வந்தார். இரண்டாண்டுகளில் பதினேழாம் மரத்தின் எண்ணிக்கையும் மற்றவற்றோடு ஒத்துப்போயிற்று.

மேஸ்திரி தோற்றேன் என்று சொல்லவில்லை; அவர் குடும்பத்தில் எவரும் சொன்னதாகத் தகவல் இல்லை. என்னிடம் வந்து, "எழுத்தரய்யா, மிச்சம் நூத்துத் தொண்ணூத்தெட்டு இருக்கு. இன்னும் விரிப்பு வாங்கியாங்க" என்றார். அவரே மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு விரிப்பருகே குந்தினார். எல்லாக் கச்சைகளையும் பிரித்து முடிக்க மாலை நான்கு மணி ஆயிற்று. பிசின் பூச்சிகளையும் சிலந்திகளையும் மரத்தடியில் உதிர்ந்த ஊசியிலைக் குவியல்களில் விட்டோம். வெறும் வைக்கோலைக் குவித்து மேயர் தீ மூட்டினார். கிழங்கு வழக்கம்போலவே வெந்தது. மறுநாள் செய்தித்தாள், நாலாயிரம் கம்பளிப்பூச்சிகள் எரிந்தன என்று எழுதியது.

அடுத்த நவம்பரில், கச்சையே கட்ட வேண்டாமே என்று கிகுனோ கேட்டுப் பார்த்தார். "வாக்குல இருந்தது பிரிச்சுப் பாக்கறது மட்டுந்தான். கட்டக் கூடாதுன்னு இல்ல. கச்சையில்லாத பைன், இடுப்புத்துணி இல்லாத மல்லன் மாதிரி. ஊர் பாக்குமா அதை?" என்றார் மேஸ்திரி. அதில் கிகுனோ தோற்றார். ஆண்டுதோறும் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார். பிரித்து எண்ணும் வழக்கம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணிக்கைகளைக் கொண்டே, கம்பளிப்பூச்சி கூடிய மரங்களை மட்டும் கோடையில் ஏணி வைத்துக் கையால் பொறுக்கினோம். அகழி முழுவதற்கும் மருந்து அடிக்கும் திட்டம் ஒன்று மேலிடத்திலிருந்து வந்தபோது, மேஸ்திரி கிகுனோவின் குறிப்பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "இதைப் படிச்சிட்டு வாங்க, பேசுவோம்" என்று எழுந்து வந்துவிட்டார்.

பெயர் சுட்ட கையரிவாளைத் தோழிகள் கிகுனோவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் முள்ளங்கி நறுக்க அது உதவியதாகச் சொன்னார்.

1982இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்ற சொல்லை அவர் சம்பளத்துக்கு மட்டுமே பொருத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் மரச் சுற்றைத் தாமே செய்வதாகக் கேட்டு அனுமதி பெற்றார். புதிய பணியாளர்கள் மற்ற நாட்களைப் பார்த்துக்கொண்டார்கள். எழுபது வயதுக்கு மேல் ஒரே நாளில் முடியாமல் வடக்கு, தெற்கு என இரண்டு வெள்ளிகளாகப் பிரித்துக்கொண்டார். 2005ஆம் ஆண்டு கோடையில் மூச்சிரைப்பு வந்தது. மகள் வேண்டாமென்றாள். "படுத்துக்கிட்டே எண்ண முடியாதே" என்று பதில் சொல்லிவிட்டு, வழியில் உட்கார ஒரு மடக்கு நாற்காலியைச் சேர்த்துக்கொண்டார்.

உரகாமி கிகுனோ கடைசியாக மரச் சுற்றுக்கு வந்தது 2005 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை.